தீவில் கல்யாணம்... யார் சாட்சி?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு வேன் நிறைய வந்து இறங்குவார்கள். கல்யாணப் பெண், அம்மா, அத்தை, பெரியம்மா, சித்தி, 'எனக்குத்தான் ஜரிகை பார்க்கத் தெரியும்' என்று கூடவே கிளம்பி வந்த பக்கத்து வீட்டு மாமி... காமாட்சி அம்மன் சந்நிதியில் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேராகப் புடவைக் கடைக்கு வருவார்கள். ஒரு புடவை எடுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சமீப காலமாக வேறு விதமாகவும் சிலர் வருகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும்தான். 'கல்யாணம் எந்த மண்டபத்தில்?' என்று கேட்டால், 'மண்டபம் இல்லை. பாலித் தீவில், கடற்கரையில். மொத்தமே முப்பது பேர்தான்' என்கிறார்கள். சிலருக்கு அந்தமான், சிலருக்கு இலங்கை, சிலருக்கு மாலத்தீவு. 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்கிற சொல் நம் வீட்டுப் பெரியவர்களின் வாயிலும் சரளமாக வர ஆரம்பித்துவிட்டது.

இதைக் கேட்டதும் இரண்டு விதமான பதில்கள் எழுகின்றன. 'கோயில் இல்லை, குளம் இல்லை, ஊர் இல்லை, உறவு இல்லை... இது என்ன கல்யாணம்?' என்பது ஒன்று. 'ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுக் கடனாளி ஆவதைவிட இது எவ்வளவோ மேல்' என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம் அவசரமும் இருக்கிறது. கோபத்தையும் மோகத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, தர்மம் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்ப்போமா?

மணலும் போதும்!

'கடற்கரை மணலில் கல்யாணமா?' என்று முகம் சுளிப்பவர்கள், முதலில் ஏகாம்பரேஸ்வரர் கோயிலை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி ஏகம்பம் பிருத்வித் தலம். அதாவது மண் தலம். கயிலையில் இருந்த அம்பிகை பூவுலகுக்கு வந்து, கம்பை ஆற்றங்கரையில் ஒற்றை மாமரத்தின் அடியில் மணலைக் குவித்து லிங்கமாக்கிப் பூஜித்தாள். ஆற்றில் வெள்ளம் பெருகி வந்தபோது, லிங்கம் கரைந்துவிடுமே என்று பதறி, இரு கைகளாலும் தழுவிக் காத்தாள். அந்த அணைப்பில் இறைவன் குழைந்தார். 'தழுவக் குழைந்தவர்' என்று பெயரும் பெற்றார். பிறகு அம்பிகையை மணந்தார். இன்றும் பங்குனி உத்திரப் பெருவிழாவில் அந்தத் திருக்கல்யாணத்தை ஊரே கூடித் தரிசிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பிறந்த வீட்டிலிருந்து வெகு தூரம், மண்டபம் கிடையாது, பந்தல் கிடையாது, ஒரு மரம், ஓர் ஆறு, ஒரு பிடி மணல். உலகத்துக்கே தாயானவளின் கல்யாணத்துக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது!

தீவு என்பதற்காகவும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தீவுதானே? அங்கும் சீதாபிராட்டி கடற்கரை மணலைக் கூட்டிச் செய்த லிங்கத்தைத்தான் ஸ்ரீராமபிரான் பூஜித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கமும் தீவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்த ஆண்டாள், அரங்கனை மணக்கப் பல்லக்கில் ஏறிப் போனது அந்தத் தீவுக்குத்தான்.

இன்னும் ஒன்று. கல்யாணத்தில் சாஸ்திரிகள் சங்கல்பம் செய்து வைக்கும்போது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் இந்தக் காரியத்தைச் செய்கிறோம் என்று சொல்ல வைப்பார். அதில் இடத்தைச் சொல்லும்போது முதலில் வருவது ஜம்பூத்வீபம். த்வீபம் என்றால் தீவு, தமிழில் 'நாவலந்தீவு'. அதாவது, காஞ்சிபுரத்தின் நடுவில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தாலும், நாம் சங்கல்பம் செய்வது ஒரு தீவில் நின்றுகொண்டுதான்! வெளிநாடுகளில் சடங்கு செய்து வைக்கிற சாஸ்திரிகள், அந்தந்த நாட்டுக்கு ஏற்பச் சங்கல்பத்தை மாற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். மொரீஷியஸிலும் பீஜியிலும் பினாங்கிலும் யாழ்ப்பாணத்து நயினாதீவிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கல்யாணங்கள் நடக்கின்றன. அவர்களுக்கு அது சுற்றுலா இடம் இல்லை, சொந்த ஊர்.

ஆக, இடத்தில் தோஷம் இல்லை. ஆனால், ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. அம்பிகை கம்பைக் கரையைத் தேர்ந்தெடுத்தது அங்கே தவம் இருக்க. ஆண்டாள் அரங்கத்துக்குப் போனது அங்கே அவளுடைய நாயகன் இருந்ததால். அந்த இடத்துக்கும் அவர்களுக்கும் ஓர் உறவு இருந்தது. 'நாம் போகிற தீவுக்கும் நமக்கும் என்ன உறவு?' என்று கேட்டுப் பார்த்தால், சிலருக்குப் பதில் கிடைக்கும். தாத்தா பிழைக்கப் போன ஊர், அண்ணன் குடியிருக்கிற ஊர், இருவரும் வேலை பார்க்கிற ஊர் என்று சொல்ல முடியும். வேறு சிலருக்குப் பதில், 'போட்டோ நன்றாக வரும்' என்பதுதான். அதுவும் பாவம் இல்லை. ஆனால், அதை மட்டுமே வைத்து வாழ்க்கையின் ஒரு சம்ஸ்காரத்துக்கு இடம் தேடுகிறோமா என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆள் கூட்டம் புண்ணியமா?

அடுத்தது எண்ணிக்கை. முப்பது பேர் போதுமா, மூவாயிரம் பேர் வேண்டுமா?

கூட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் திருஞானசம்பந்தரின் திருமணத்தைச் சொல்லலாம். சீர்காழிக்கு அருகில் இருக்கிற ஆச்சாள்புரம்தான் அன்றைய நல்லூர்ப்பெருமணம். அங்கே நடந்த அந்தத் திருமணத்தில், கோயிலில் தோன்றிய பெருஞ்ஜோதிக்குள் சம்பந்தர் தாம் மட்டும் போய்விடவில்லை. திருமணத்துக்கு வந்த அடியார்கள், அவரவர் இல்லத்தார், யாழ் வாசிக்கிற பாணர், பல்லக்குச் சுமந்து வந்தவர்கள் என்று எல்லோரையும் முதலில் உள்ளே போகச் சொல்லிவிட்டு, கடைசியில் மணப்பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு தாம் நுழைந்தார் என்கிறது பெரியபுராணம். கல்யாணத்துக்கு வந்த ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் முக்தி! கூப்பிடப்படாமல் விடுபட்டவர்களை நினைத்தால் நமக்கே வருத்தமாக இருக்கிறது.

கூட்டம் வேண்டாம் என்பவர்கள், காஞ்சியின் அத்திவரதரைச் சொல்லலாம். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்தின் அடியில், தண்ணீருக்குள் நாற்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் சயனித்திருக்கிறார். 2019-ம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 48 நாட்கள் வெளியே வந்தபோது, நாடே திரண்டு வந்தது. அந்த 48 நாட்களில் மட்டும்தான் அவர் தெய்வமா? தண்ணீருக்குள் தனியாக இருக்கிற நாற்பது ஆண்டுகளும் தெய்வம்தானே! கூட்டம் வந்ததால் சாந்நித்யம் கூடுவதில்லை. வராததால் குறைவதும் இல்லை.

2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில், கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அப்போது வீட்டுக் கூடத்திலும் சிறு கோயில்களின் வாசலிலும் தாலி கட்டிக்கொண்ட எத்தனையோ தம்பதிகள் இன்று குழந்தை குட்டிகளோடு நன்றாக இருக்கிறார்கள். அந்தக் கல்யாணங்களில் எந்தக் குறையும் இல்லை.

அப்படியானால், எண்ணிக்கையில் தர்மமும் இல்லை, அதர்மமும் இல்லை. கேள்வியே வேறு. கொரோனா காலத்தில் பட்டியலைச் சுருக்கியது நோய். இப்போது பட்டியலைச் சுருக்குவது நாம். நாம் சுருக்கும்போது, யார் பெயரை அடிக்கிறோம்? எந்தக் காரணத்துக்காக அடிக்கிறோம்? அந்தப் பேனா முனையில்தான் தர்மம் உட்கார்ந்திருக்கிறது.

பாட்டிக்கு முழங்கால் வலி. விமானம் ஏற முடியாது. 'பரவாயில்லை கண்ணு, வீடியோவுல பார்த்துக்கறேன்' என்று அவளே சொல்லிவிடுவாள். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவள் விட்டுக்கொடுத்தாள் என்பதற்காக, நமக்கு அந்த உரிமை வந்துவிடுமா? இருபது வருடம் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்த அம்மாவுக்கு பாஸ்போர்ட் கிடையாது. அப்பாவின் சிநேகிதருக்கு லீவு கிடைக்கும். டிக்கெட்டுக்குப் பணம் கிடையாது. இவர்கள் மூவரும் விடுபட்டு, போன வருடம் அலுவலகத்தில் பழக்கமான நான்கு பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பட்டியலைச் சுருக்கியது அன்பு இல்லை, வசதி.

மொய் நோட்டும் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும், என்றோ அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாம் சாப்பிட்டவர்கள். அந்தக் கடன் பணக் கடன் மட்டும் அல்ல. 'உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் உண்டு' என்கிற வாக்கு. ஊரை விட்டுத் தூரப் போய்ச் சின்னதாகக் கல்யாணம் செய்கிறபோது, அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. வேறு விதத்தில் அதைத் தீர்க்கத்தான் வேண்டும்.

எளிமை வேறு... தனிமை வேறு!

இந்த இடத்தில் காஞ்சி மகா பெரியவரை நினைக்காமல் இருக்க முடியாது. கல்யாணம் என்பது சம்ஸ்காரம். அதை ஆடம்பரக் கொண்டாட்டமாக்கி ஏழைகளும் அதைப் பார்த்துக் கடன்பட வழி செய்யாதீர்கள் என்று விடாமல் வலியுறுத்தியவர் அவர். வரதட்சணை கூடாது என்றார். பட்டு வேண்டாம் என்றார். பட்டுக்குப் பெயர் போன ஊரில் மடம் இருக்க, அங்கிருந்தே அதைச் சொன்னார் என்பதுதான் ஆச்சரியம்! வசதி உள்ளவர்கள் எளிமையாகக் கல்யாணம் செய்து, மிச்சமாகிற பணத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் கல்யாணத்தை நடத்தி வைக்கலாமே என்பது அவரது எண்ணம்.

'அவர் சொன்ன எளிமையைத்தானே நாங்களும் செய்கிறோம்? முப்பதே பேர்!' என்று தீவுக்குப் போகிறவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முப்பது பேருக்கு விமானக் கட்டணம், மூன்று நாள் ரிசார்ட், பூ அலங்காரம், ஒளிப்பதிவு என்று கூட்டினால், உள்ளூரில் ஐந்நூறு பேருக்கு இலை போட்டிருக்கலாம் என்கிற தொகையாகவும் அது இருக்கக்கூடும். அப்படியானால் குறைந்தது செலவு அல்ல. சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். அதை எளிமை என்று சொல்வது பொருந்தாது. ஆடம்பரத்தின் இன்னொரு வடிவம் அது. யாரும் பார்க்காத ஆடம்பரம்.

உண்மையிலேயே செலவைக் குறைக்கத்தான் சிறிய கல்யாணம் என்றால், அது மெச்சத்தக்கது. குறைத்ததில் ஒரு பங்கு யாருக்காவது போய்ச் சேர்ந்தால், அது தர்மம்.

நெசவாளியின் பக்கமும் ஒரு வார்த்தை. பட்டு வேண்டாம் என்று சொல்பவர்களின் ஜீவகாருண்யத்தை மதிக்க வேண்டும். புழுவோடு கூட்டைக் கொதிநீரில் போட்டுத்தானே நூல் எடுக்கிறார்கள்! அதே சமயம், 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டை நம்பித் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. அவரவர் மனசாட்சிப்படி முடிவு செய்யட்டும். எடுப்பது என்று முடிவானால், பெயருக்கு ஒரு பட்டு, தீவில் மாற்றிக்கொள்ள ஆறு உடைகள் என்று போவதைவிட, ஒரே ஒரு நல்ல கைத்தறிப் பட்டை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுங்கள். கோர்வை வைத்த புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், வேறு வேறு நாடா. ஒருவர் மட்டும் உட்கார்ந்து அதை நெய்துவிட முடியாது. கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல நாள் உழைப்பில், இரண்டு கைகள் பிணைத்த நூல் அது. புடவையே நைந்தாலும் கோர்வை விடாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

சுந்தரர் சொன்ன பொய்ச் சத்தியம்

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விக்கு வருவோம். கல்யாணத்துக்கு எதற்காக மற்றவர்கள் வேண்டும்? தாலி கட்டுபவன் ஒருவன், கட்டிக்கொள்பவள் ஒருத்தி. அக்னி சாட்சி. அது போதாதா?

சுந்தரமூர்த்தி நாயனாரின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பினார் சுந்தரர். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. திருவாரூரை மறக்க முடியாத சுந்தரர் ஒரு தந்திரம் செய்தார். 'நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மூலஸ்தானத்தை விட்டு, மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளுங்கள்' என்று இறைவனிடமே கேட்டுக்கொண்டார். சாட்சி இல்லாத இடத்தில் சொன்ன சத்தியம் கட்டுப்படுத்தாது என்பது அவர் கணக்கு.

இறைவன் என்ன செய்தார் தெரியுமா? சுந்தரருக்குச் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், 'மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேள்' என்று சொல்லிவிட்டார்! வேறு வழியில்லாமல் மரத்தடியில் சத்தியம் செய்தார் சுந்தரர். கல்யாணமும் நடந்தது. பிறகு வசந்த காலத்தில் ஆரூர்த் திருவிழா நினைவுக்கு வர, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அந்த நிமிடமே இரண்டு கண்களிலும் பார்வை போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சி ஏகம்பத்துக்கு வந்து கதறியபோது, இடக்கண்ணில் பார்வை வந்தது. திருவாரூரில்தான் வலக்கண்ணும் திரும்பியது.

தம்பிரான் தோழருக்கே இப்படி என்றால், நாம் எம்மாத்திரம்! சந்நிதியை விட்டுத் தள்ளிப் போனாலும் சாட்சி அங்கே வந்து நிற்கிறது. அந்தமான் கடற்கரைக்கும் வரும், பாலித் தீவுக்கும் வரும். 'ஊர் பார்க்கவில்லை, அதனால் கட்டுப்பாடு குறைவு' என்று யாரும் நினைக்க முடியாது. தீவில் கல்யாணம் செய்கிறவர்களுக்கு இது எச்சரிக்கை மட்டும் அல்ல, ஆறுதலும்தான். கோயில் இல்லாத இடத்திலும் சாமி இருக்கிறார்!

ஆனால், இறைவன் அந்த இரவில் சங்கிலியாரின் கனவிலும் போனார் என்பதைக் கவனியுங்கள். தாம் ஒருவர் சாட்சியாக இருந்தது போதும் என்று விட்டுவிடவில்லை. வாக்கு வாங்குகிறவளுக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைத்தார். தெய்வ சாட்சியோடு மனித சாட்சியும் வேண்டியிருக்கிறது.

ஏன்? தெய்வம் பொறுமையாக இருக்கும். மனிதர்கள் கேட்பார்கள். கல்யாணமாகி மூன்றாவது வருடம் இருவருக்கும் பேச்சு நின்றுபோனால், 'என்னடா தம்பி, என்ன விஷயம்?' என்று வாசல் தாண்டி உள்ளே வந்து கேட்கிற உரிமை, அன்று அட்சதை போட்டவர்களுக்கு இருக்கிறது. அட்சதை என்பது வாழ்த்து மட்டும் அல்ல, ஒரு பொறுப்பு. வேடிக்கை பார்க்க வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சாட்சியாக வந்தவர் மறுபடியும் வருவார். மூவாயிரம் பேர் வந்த கல்யாணத்தில் ஒரு சாட்சிகூட இல்லாமல் போகலாம். முப்பது பேரில் முப்பதும் சாட்சியாக இருக்கலாம்.

சட்டமும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு, ஊரறிய அறிவிப்பு கட்டாயம் இல்லை என்று 2023-ம் ஆண்டு ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத்தின் எதிர்ப்பால் உயிருக்கே பயந்து நிற்கிற ஜோடிகள், ஊரைக் கூட்டி அறிவிக்க முடியாது என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரலில் இன்னொரு வழக்கில், இந்துத் திருமணம் என்பது ஆட்டம் பாட்டத்துக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அல்ல, சம்ஸ்காரம். உரிய சடங்குகள் நடக்காமல் பதிவு மட்டும் செய்துகொண்டால் அது திருமணம் ஆகாது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது என்ன? கூட்டம் கட்டாயம் இல்லை. உண்மையாக நடத்துவது கட்டாயம்.

முன் வரிசையில் யார்?

சிறிய கல்யாணத்துக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய கல்யாணங்களில் நாம் கண்டும் காணாமல் விடுகிற ஒரு பாவம் இருக்கிறது. கணவனை இழந்த தாய், தன் ரத்தத்தை வியர்வையாக்கிப் பெண்ணை வளர்த்திருப்பாள். முகூர்த்த நேரத்தில், 'நீ கொஞ்சம் உள்ளே இரும்மா' என்று ஒரு குரல் கேட்கும். அவள் சமையல்கட்டு ஓரமாக நின்று, கெட்டிமேளச் சத்தத்தை மட்டும் கேட்டு அழுவாள். ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முப்பது பேர் மட்டும் இருக்கிற கல்யாணத்தில் அந்த 'ஊர்' இல்லை. அங்கே அந்தத் தாய் முன் வரிசையில் உட்காரலாம். தாரை வார்க்கிற கைக்குப் பக்கத்தில் நிற்கலாம். மறுமணம் செய்துகொள்கிற பெண், சீர்வரிசையை எண்ணிப் பார்க்கிற கண்களுக்குத் தப்பிக்க நினைக்கிற தகப்பன் ஆகியோருக்கும் தூரத்துக் கடற்கரை ஒரு புகலிடமாக இருக்கலாம். இவர்கள் தீவுக்குப் போனால் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. சொல்லப்போனால், அவர்களைத் தீவுக்கு அனுப்பியது நாம்தான்! காஞ்சிபுரத்து மண்டபத்திலேயே அந்தத் தாய்க்கு முன் வரிசை கிடைத்திருந்தால், அவள் கடல் தாண்டியிருக்க வேண்டாம்.

அதனால், தீவுக் கல்யாணத்தைக் குறை சொல்கிறவர்கள் முதலில் உள்ளூர்க் கல்யாணத்தைச் சரி செய்ய வேண்டும்.

இரு நாழி நெல்

காஞ்சியில் அம்பிகைக்கு இன்னொரு பெருமை உண்டு. இறைவன் அளந்து கொடுத்த இரண்டே நாழி நெல்லைக் கொண்டு, முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தவள் அவள். ஓதுவார்க்கு உணவு, பசுவுக்கு வாயுறை, தண்ணீர்ப் பந்தல் என்று நீளுகிற அந்தப் பட்டியலில் கன்னிகாதானமும் ஓர் அறம். கையில் இருந்தது சின்ன அளவு. போய்ச் சேர்ந்தது பெரிய தூரம். சிறிய கல்யாணம் செய்ய நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டுமா? 'எத்தனை பேரைக் கூப்பிட்டோம்' என்று கேட்பதைவிட, 'எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது' என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டு, தீவுக்குத்தான் போகிறோம் என்று முடிவு செய்தால், சில காரியங்களை மறக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு, பயணம் செய்ய முடியாத பெரியவர்களின் வீட்டுக்கு நீங்களே போங்கள். பத்திரிகையை வாட்ஸ்-அப்பில் அனுப்பிவிட்டு ஆசி கேட்பது அழகல்ல. தாம்பூலம் வைத்து, காலைத் தொட்டு, அவர்கள் கையாலேயே அட்சதை வாங்கி முடிந்துகொண்டு போங்கள். முகூர்த்தத்தில் அந்த அட்சதையைத்தான் முதலில் தூவ வேண்டும். முடிந்தால், பாட்டி வரக்கூடிய கோயிலில் தாலி கட்டிவிட்டு, விருந்தைத் தீவில் வைத்துக்கொள்ளலாம். முகூர்த்தம் எங்கே, விருந்து எங்கே என்பதில் இடம் மாற்றிப் போடுவதால் உங்களுக்கு ஒரு குறையும் வராது. அவளுக்கு அது ஜென்ம சாபல்யம்.

வெளிநாடு என்றால், அந்த நாட்டுச் சட்டப்படியும் நம் சட்டப்படியும் பதிவுக்கு என்ன தேவை என்று முன்பே விசாரித்துவிடுங்கள். சம்ஸ்காரத்தில் குறை வைக்கக் கூடாது. காகிதத்திலும் குறை வைக்கக் கூடாது. 2023 நவம்பரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர், வெளிநாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்வதைவிட நம் மண்ணில் செய்தால் அந்தப் பணம் நம் எளிய மக்களுக்குப் பயன்படுமே என்று கேட்டுக்கொண்டதும் யோசிக்கத்தக்கதே. பூக்காரர், நாகஸ்வரக் கலைஞர், சமையல்காரர், தறியில் இருப்பவர் என்று ஒரு கல்யாணத்தை நம்பிப் பல அடுப்புகள் எரிகின்றன. எந்தத் தீவுக்குப் போனாலும், அங்கே இருக்கிற மனிதர்களுக்கும் அதே நியாயம்தான். கூலியில் பேரம் பேசாதீர்கள். மாலையையும் பிளாஸ்டிக்கையும் கடலில் வீசிவிட்டு வராதீர்கள். கடலரசனும் அன்று உங்கள் சாட்சிகளில் ஒருவன்.

திரும்பி வந்ததும் நம் ஊர்க் கோயிலில் ஒரு வேளை அன்னதானத்துக்குக் கட்டுங்கள். இந்து சமய அறநிலையத் துறை 2022-ம் ஆண்டிலிருந்து ஏழை ஜோடிகளுக்குத் தங்கத் தாலி, சீர்வரிசையுடன் கோயில்களில் திருமணம் நடத்தி வைத்திருக்கிறது. அப்படி ஒரு ஜோடிக்குப் புடவை, வேட்டி வாங்கித் தர நீங்களும் முன்வரலாம். அல்லது உங்கள் தெருவிலேயே, கல்யாணச் செலவுக்குக் கைபிசைந்து நிற்கிற ஒரு வீட்டுக்கு யாருக்கும் சொல்லாமல் ஒரு மூட்டை அரிசி அனுப்பலாம். விடுபட்ட உறவுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, கையால் பரிமாறுங்கள். மொய் வாங்காதீர்கள், உங்கள் பெற்றோர் எழுதி வைத்திருக்கிற மொய்க் கணக்கை மட்டும், அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குத் தவறாமல் போய்த் தீர்த்துக்கொண்டே இருங்கள்.

உள்ளூரில் ஊரைக் கூட்டிச் செய்கிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். ஆயிரம் இலை விழட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் வாங்காமல் விழட்டும். வாசலில் நிற்கிற பசித்தவனுக்கும் ஓர் இலை விழட்டும். பெற்ற தாய் சமையல்கட்டு ஓரத்தில் நிற்காமல் இருக்கட்டும்.

மாமரத்தடியானாலும் சரி, மண்டபமானாலும் சரி, கடற்கரை மணலானாலும் சரி... கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற தம்பதிக்கு ஏகாம்பரநாதர் சாட்சியாக இருப்பார். இரு நாழி நெல்லைப் பகிர்ந்துகொள்கிற வீட்டில் காமாட்சி குடியிருப்பாள். கல்யாணப் பட்டியலை எழுத உட்காருகிறபோது, முதல் பெயராக உங்களால் வர முடியாதவரின் பெயரை எழுதுங்கள். மற்றவை தானாக அமையும்.